சினகாக்கில் பெரியவர்களுக்கான வகுப்புகள்: இரண்டு வருடம் போனால் தெரிவது

அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் பிரிவுகளின் சினகாக்குகளில் (யூத வழிபாட்டுக்கூடங்களில்) பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நான்கு வகுப்புகள் இருக்கும்: எபிரேய எழுத்து வாசிப்பு, யூத மத அறிமுகம், சனிக்கிழமை காலை தோரா (யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) படிப்பு, சிறுவயதில் பார் மிட்ஸ்வா (ஆண்), பாத் மிட்ஸ்வா (பெண்) என்னும் மதப் பொறுப்பேற்கும் சடங்கைச் செய்துகொள்ளாதவர்களுக்கான நீண்ட பாடம். சனிக்கிழமை வகுப்பு பல இடங்களில் இலவசம். மற்றவற்றுக்குக் கட்டணம் உண்டு, உறுப்பினருக்குக் குறைவு. கட்ட முடியவில்லை என்று அலுவலகத்தில் சொன்னால் பெரும்பாலும் ஏதாவது வழி செய்வார்கள்.

முதலில் காலண்டரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். செப்டம்பரில் பணம் கட்டிய பலர், வகுப்பே நடக்கவில்லையே என்று குறைப்படுவதுண்டு. ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹாத் தோரா என்று யூத நாட்காட்டியின் திஷ்ரே மாதம் முழுக்கப் பண்டிகை. பாடம் சூடுபிடிப்பது அவை முடிந்த பிறகுதான். அங்கிருந்து மே, ஜூனில் வரும் ஷாவுவோத் பண்டிகை வரை ஓடும். ஷாவுவோத் இரவில் விடிய விடியக் கண்விழித்துப் படிக்கும் வழக்கம் உண்டு. நம் சிவராத்திரி மாதிரிதான். ஆனால் பட்டினி இல்லை, சீஸ்கேக் உண்டு.

எழுத்து வகுப்பு பொதுவாக 8 முதல் 12 வாரம். மொத்தம் 22 எழுத்து, அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு வடிவம். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து மட்டும் இது வராது. வீட்டில் தினம் 15 நிமிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். எல்லோரும் தடுக்கி விழும் ஜோடிகள் இவை: தாலெத்தும் ரேஷும் (மூலை கூராக இருந்தால் தாலெத், வளைந்தால் ரேஷ்), பேத்தும் காஃபும், ஸாமெக்கும் கடைசி மேமும் (அடி உருண்டிருந்தால் ஸாமெக், சதுரமாக இருந்தால் மேம்).

தமிழ் படித்தவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ‘அகம்’, ‘பக்கம்’ இரண்டிலும் ஒரே ககரம்தான், ஒலி வேறு. எபிரேயத்தில் பேத், காஃப், பே மூன்றும் அப்படியே இடத்துக்கேற்ப மாறும். உள்ளே புள்ளி இருந்தால் வல்லொலி, இல்லாவிட்டால் உரசொலி. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இரண்டு வாரம் முழிக்கும் இடத்தை நாம் சட்டென்று தாண்டிவிடலாம். உயிர்க்குறி மெய்யோடு ஒட்டி நிற்பதும் நமக்குப் புதிதில்லை. மாட்டிவிடுவது இரண்டு விதிவிலக்குகள். ‘ரூஆஹ்’ போன்ற சொற்களில் கடைசி எழுத்தின் கீழுள்ள உயிரை அந்த எழுத்துக்கு முன்பே ஒலிக்க வேண்டும். ‘எல்லாம்’ என்று பொருள்படும் ‘கோல்’ சில இடங்களில் ‘கால்’ போலவே குறியிடப்பட்டிருக்கும். ஆசிரியர் இவற்றைத் தள்ளிப்போட்டால் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பலரும் கவிழ்வது ஆங்கில எழுத்துப்பெயர்ப்பை நம்பித்தான். 2007இல் வந்த ரிஃபார்ம் வழிபாட்டு நூலான ‘மிஷ்கான் தெஃபிலா’வில் எபிரேயத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. வழிபாட்டுக்குப் புதிதாக வருபவருக்கு வரம், மாணவருக்குக் கேடு. கண் தானாக அங்கே ஓடிவிடும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஜெபம் மனப்பாடம், எழுத்து பூஜ்யம். ஒரு தடித்த அட்டையை வெட்டி அந்தப் பகுதியை மூடி வைத்துக்கொள்வதுதான் மருந்து. ஸூம் வழியாக நடக்கும் வாசிப்பு வகுப்பையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து வாசிக்க முடியாது. எல்லோரையும் மியூட் செய்துவிடுவார்கள், உங்கள் பிழை யார் காதிலும் விழாது.

மத அறிமுகப் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பண்டிகை, பிறப்பு, திருமணம், இறப்பு, வரலாறு என்று வரிசையாகப் போகும். யூதரை மணந்தவர்களுக்கு உபயோகமானது. இதை முடித்தாலே மதம் மாறியதாக ஆகாது. அது ரப்பியோடு (யூத மதகுரு) தனியாக நடக்கும் நீண்ட காரியம். மாறச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் சனிக்கிழமை தோரா படிப்புக்குப் போங்கள். வழிபாட்டுக்கு முன் ஒரு மணி நேரம், சில வசனங்கள்தான் நகரும். முதல் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் பைபிளில் ‘ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்’ என்று அழகாக முடிந்துவிடுகிறது. ஆனால் மூலத்தின் முதல் சொல்லான ‘பெரேஷீத்’, ‘இன்னதன் தொடக்கத்தில்’ என்று அடுத்த சொல்லை எதிர்பார்க்கும் வடிவம். எதன் தொடக்கத்தில்? பிரான்சின் த்ருவாவில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) இதைப் பிடித்துக்கொண்டு, ‘கடவுள் வானையும் மண்ணையும் படைக்கத் தொடங்கியபோது’ என்று வாசிக்கிறார். அப்படியானால் இது படைப்பின் வரிசையைச் சொல்லும் வாக்கியமே இல்லை. இதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். பரிமேலழகரை வைத்துக்கொண்டு ஒரு குறளில் மாலை முழுக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். குறை என்னவென்றால், எல்லாக் குழுவிலும் வாயை மூடாத ஒருவர் இருப்பார். அவரை அடக்கத் தெரிந்த நடத்துநரா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உரைகளுக்குப் புத்தகம் வாங்க வேண்டாம். செஃபாரியா தளத்தில் மூலமும் ராஷியும் இலவசம். அச்சுநூலில் ராஷி உரை தனி எழுத்துருவில் இருக்கும். தளத்தில் சாதாரண எழுத்திலேயே வாசிக்கலாம்.

பார், பாத் மிட்ஸ்வா பாடம் பெரும்பாலும் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம். அதன் முடிவில் சபை முன் தோராச் சுருளிலிருந்து ராகத்தோடு வாசிக்க வேண்டும். ஒரு அலியாவுக்கு (தோரா வாசிப்புக்கு ஒருவரை அழைக்கும் ஒரு முறை) குறைந்தது 3 வசனம். சுருளில் உயிர்க்குறி கிடையாது, ராகக்குறி கிடையாது, வசனம் முடியும் இடத்தில் அடையாளமும் கிடையாது. வரியை நிரப்புவதற்காக எழுதுபவர் சில எழுத்துகளை இழுத்தும் இருப்பார். நீண்ட ரேஷைப் பார்த்ததும் பழகிய கண்ணே தடுமாறும். இன்னொரு கண்ணி: ‘அவள்’ என்னும் ‘ஹீ’, தோராவில் பெரும்பாலும் ஹே-வாவ்-ஆலெஃப் என்று ‘அவன்’ போலவே எழுதப்பட்டிருக்கும்.

ஆசிரியர் கொடுக்கும் ஒலிப்பதிவை மட்டும் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள் மேடையில் ஒரு சொல் விட்டுப்போனால் மறுபடி இடத்தைப் பிடிக்க முடியாமல் நின்றுவிடுகிறார்கள். காதுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ‘திக்குன்’ என்ற பயிற்சி நூலில் ஒரு பத்தி குறிகளோடும், பக்கத்துப் பத்தி சுருளில் உள்ளபடியும் இருக்கும். முதல் வாரம் ராகமில்லாமல் குறியுள்ள பத்தியை வாசியுங்கள். பிறகு ராகக்குறிகளைத் தனித்தனியாக அல்லாமல் சேர்ந்து வரும் தொடர்களாகப் பழகுங்கள். வசனத்தைப் பாதியில் நிறுத்தும் ‘எத்னாஹ்தா’ எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு குறியுள்ள பத்தியை மூடிவிட்டு, வாரத்துக்கு ஒரு வசனம். கடைசி மாதத்தில் குறைந்தது இரண்டு முறையாவது உண்மையான சுருளில் பார்க்கக் கேளுங்கள். தோலைக் கையால் தொடக்கூடாது, ‘யாத்’ என்னும் கோலால்தான் சுட்ட வேண்டும். அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதும் தனிப் பழக்கம். வாசிக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் பிழையைத் திருத்துவார்கள். அது அவமானமில்லை, அவர்கள் வேலையே அது.

சில்லறை விஷயங்கள். 2018இல் பிட்ஸ்பர்க் சினகாக்கில் துப்பாக்கிச்சூடு நடந்த பிறகு வாசலில் பாதுகாப்பு கூடியிருக்கிறது. முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள், பெரிய பை வேண்டாம். சில இடங்களில் சனிக்கிழமை குறிப்பெடுப்பதே வழக்கமில்லை, கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள். உணவு கொண்டுபோவதானால் அதற்கும் முதலில் அனுமதி. வகுப்பில் கொடுக்கும் நகல் தாளில் கடவுளின் நான்கெழுத்துப் பெயர் இருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்காதீர்கள். ஜெபத்தில் ‘அதோனாய்’, பேச்சில் ‘ஹஷேம்’. அந்தத் தாளைக் குப்பையில் போடவும் கூடாது. இத்தகைய தாள்களுக்கென்று பல சினகாக்குகளில் தனிப் பெட்டி இருக்கும், அதில் போட்டால் பிறகு மண்ணில் புதைப்பார்கள்.