இரவு பத்தரைக்குக் கதவடைக்கும் வீடுகள்: இத்தாலியில் நான்கு வருடத் தங்கல் அனுபவம்

எம்.எஸ்சி. படிக்க 2021 செப்டம்பரில் பதுவாவுக்குப் போனேன். நம்மூரில் பதுவை அந்தோணியார் என்கிறோமே, அந்தப் பதுவை. படிப்பு முடிந்து பொலோனியாவில் வேலை கிடைத்து, நான்கு வருடம் தாண்டிவிட்டது. கையில் காசு கம்மி, ஊர் சுற்றும் ஆசை ஜாஸ்தி. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். சில சமயம் கூடப் படித்த இன்னொரு தமிழ்ப் பெண்ணும் வருவாள். எண்ணிப் பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தங்கியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் பெண்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அக்கா, ரோமில் எங்கே தங்கலாம்? சேஃபா இருக்கணும், அறுபது யூரோவுக்குள்ள இருக்கணும்." ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் இது.

நான் திரும்பத் திரும்பப் போவது கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதிகளுக்கு. 'காசா பெர் ஃபெரியே' என்பார்கள். மடத்தின் ஒரு பகுதியையோ, ஆள் குறைந்துபோன கான்வென்டின் மேல் மாடியையோ விருந்தினர் அறைகளாக மாற்றியிருப்பார்கள். கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. நான் இல்லை, என்னை யாரும் கேட்டதுமில்லை. சில இடங்களில் கல்லூரிப் பெண்களுக்கான ஹாஸ்டலையே நடத்துகிறார்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் ஜூலை, ஆகஸ்டில் அந்த அறைகள் வெளியாட்களுக்குக் கிடைக்கும்.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் நான்கு வருடம் லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தவள் நான். மாலை ஆறரைக்கு கேட் பூட்டிவிடுவார்கள். பத்து நிமிஷம் தாமதமானால் வார்டன் அப்பாவுக்கு போன் போடுவார். அதிலிருந்து தப்பித்து ஐரோப்பா வந்தவள் மறுபடி 'கேட் டைம்' உள்ள இடத்துக்குப் போவதா? விலை மட்டும்தான் போக வைத்தது. புளோரன்ஸில் மற்ற இடங்களில் தனி அறை தொண்ணூறு யூரோ என்றிருந்த வார இறுதியில், ஆர்னோ நதிக்கு அந்தப் பக்கம் ஒரு கான்வென்டில் காலைச் சாப்பாட்டோடு நாற்பத்தைந்து.

அன்று பார்த்து ரயில் வேலைநிறுத்தம். இத்தாலியில் வேலைநிறுத்தத்தைத் தேதி சொல்லி நடத்துவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 18 முதல் 21 வரையும் குறிப்பிட்ட வண்டிகளை ஓட்டியே ஆக வேண்டும் என்று ஏற்பாடு இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. பொலோனியாவில் வண்டி மாற இறங்கினால், அடுத்தடுத்து மூன்று வண்டிகள் ரத்து. புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ஸ்டேஷனில் கால் வைத்தபோது இரவு 10.20. விடுதியின் கேட் டைம் 10.30. பாலத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டே போன் செய்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் "ஸோனோ இன் ரிதார்தோ" என்று தாமதத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி மௌனம். அப்புறம், "இண்டியன்? எவிடெயா மோளே?"

வயதான சிஸ்டர், திருச்சூர்ப் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாக இத்தாலியில் இருக்கிறாராம். இங்குள்ள கான்வென்டுகளில் கேரளத்து சிஸ்டர்கள் நிறையப் பேர் என்பது பிறகு பழகிப்போன விஷயம். அன்று எனக்கு அது அதிசயம். போனபோது கதவுக்குள்ளேயே நாற்காலி போட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். நீளமான ரிஜிஸ்டர் நோட்டை எடுத்து, என் பெயருக்கு நேராக 22.43 என்று எழுதினார். கோயம்புத்தூர் நோட்டு மாதிரியே, கோடு போட்ட அதே கட்டங்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கும் போன் போடவில்லை. இரண்டு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, படி ஏறும்போது சத்தம் போடாதே என்றார், அவ்வளவுதான்.

அதற்கு நேரெதிர் அனுபவம் மிலானில். 2023 பிப்ரவரி. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு குட்டி ஃபிளாட். படத்தில் பார்க்கச் சொர்க்கம், இரவுக்கு 48 யூரோ. வரவேற்பறை கிடையாது. வாசல் கம்பியில் தொங்கும் சாவிப் பெட்டியில் எண்ணைப் போட்டு சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு 11.15-க்குப் போனால் அந்த எண் வேலை செய்யவில்லை. வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை. செயலியில் உதவி கேட்டால் ஏதோ தானியங்கி பதில். எதிர்ப்புறம் இரண்டு ஆண்கள் சிகரெட் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதுவும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஐம்பது நிமிஷம் அந்தத் தெருவில் பெட்டியோடு நின்ற எனக்கு, நான் உள்ளே போனேனா இல்லையா என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் ஒருத்தர்கூட இல்லை என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் ஸ்டேஷனுக்கே திரும்பி நடந்து, எதிரிலிருந்த ஓட்டலில் 110 யூரோ கொடுத்துப் படுத்தேன். ஃபிளாட் காசு திரும்பி வரவில்லை. 48 யூரோ அறை அன்றைக்கு 158 ஆயிற்று.

அதிலிருந்து இடம் தேடும்போது நான் முதலில் பார்ப்பது அறையை அல்ல, கதவை யார் திறப்பார் என்பதை. இரவில் ஆள் இருப்பாரா என்று மெயில் போட்டே கேட்டுவிடுவேன். (சாவிப் பெட்டிகள் மீது இத்தாலியர்களுக்கே கடுப்புதான். புளோரன்ஸ் மாநகராட்சி 2025-இல் பழைய நகரப் பகுதியில் அவற்றைத் தடை செய்தது.)

சிஸ்டர் விடுதி அறை எப்படி இருக்கும்? ஒற்றைக் கட்டில், அதுவும் ஒல்லி. ஒரு மேசை, அலமாரி, தலைமாட்டில் சிலுவை. தரை பளபளவென்றிருக்கும், சுத்தத்தில் ஒரு இடத்தில்கூட நான் குறை கண்டதில்லை. குளியலறையில் நம் ஆட்களுக்கு ஒரு நல்ல செய்தி: பிடே, அதாவது கழுவிக்கொள்வதற்கான தொட்டி, உண்டு. வீடுகளில் பிடே கட்டாயம் என்று 1975-இலேயே ஆணை போட்ட நாடு இது. லண்டனிலும் பாரிஸிலும் காகிதத்தோடு கஷ்டப்பட்டவர்கள் இங்கே வந்து நிம்மதிப் பெருமூச்சு விடலாம். ஷவருக்குப் பக்கத்தில் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். அது துணி காயப்போட இல்லை, வழுக்கி விழுந்தால் இழுக்க வேண்டிய அபாய மணி. என் தோழி அசிசியில் அதில் துண்டைத் தொங்கவிட்டாள். இரண்டே நிமிஷத்தில் மூன்று சிஸ்டர்கள் கதவைத் தட்டினார்கள். பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

குறைகளும் உண்டு. வைஃபை வரவேற்பறையில் மட்டும் எடுக்கும் இடங்கள் பல. காலைச் சாப்பாடு என்பது முறுமுறு ரொட்டி, குட்டி டப்பா ஜாம், பால் காபி. நான்கு நாள் தொடர்ந்தால் இட்லி கனவில் வரும். சமையலறையைத் தொட விடமாட்டார்கள். சில இடங்களில் ரொக்கம்தான். கல்யாணமாகாத ஜோடிக்கு ஒரே அறை தர மறுத்த இடமும் உண்டு. முக்கியமாக கேட் டைம்: வெரோனாவின் ரோமானிய அரங்கில் ஆபரா என்னும் இசை நாடகம் பார்க்க டிக்கெட் வாங்கியிருந்தால், அது முடிய நள்ளிரவாகும். அந்த மாதிரி நாளில் இந்த விடுதிகளை நினைக்கவே வேண்டாம்.

அப்படிப்பட்ட நாட்களுக்கு, பயணிகள் பலர் ஒரே அறையில் படுக்கைக் கணக்கில் தங்கும் ஹாஸ்டல். பெண்கள் மட்டும் தங்கும் டார்ம் வேண்டுமென்றால் 'ஃபெம்மினிலே' என்று இருக்கிறதா பாருங்கள். விலை வரிசையில் முதலில் காட்டும் மலிவான படுக்கை பெரும்பாலும் 'மிஸ்தா', அதாவது ஆணும் பெண்ணும் கலந்தது. லாக்கருக்குப் பூட்டு நீங்கள் கொண்டுபோக வேண்டும். எனக்குப் பிடித்த ஹாஸ்டல் வெனிஸில், ஜூதெக்கா தீவில். பழைய தானியக் கிடங்கு, ஜன்னலுக்கு எதிரே தண்ணீருக்கு அப்பால் சான் மார்கோ சதுக்கம். நவம்பரில் 32 யூரோ கொடுத்தேன். படகுத் துறையின் பெயர் 'ஸித்தெல்லே', கன்னிப்பெண்கள் என்று அர்த்தம். 16-ஆம் நூற்றாண்டில் ஆதரவற்ற ஏழைப் பெண்களைக் காப்பதற்கென்று அங்கே ஒரு இல்லம் கட்டி, அவர்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தேவாலயத்துக்கும் அதே பெயர்தான்.

ரயிலேறி வரும் பெண்ணைப் பற்றிய கவலை இங்கே பழசுதான். வேலை தேடித் தனியாக ஊர்விட்டு ஊர் போகும் பெண்களுக்காக 1897-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்கில் ஒரு கத்தோலிக்கச் சங்கம் தொடங்கினார்கள். ஸ்டேஷன்களில் தன்னார்வப் பெண்கள் நின்று, இறங்கும் பெண்களை நல்ல இடத்தில் சேர்ப்பார்களாம். அதன் இத்தாலியக் கிளைக்கு 'ப்ரொதெஸியோனே தெல்லா ஜொவானே' என்று பெயர்.

ரோம் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் தெர்மினி ஸ்டேஷன் பக்கம் புக் செய்கிறார்கள், விமான நிலைய ரயில் அங்கே வருவதால். பகலில் ஒன்றுமில்லை. இரவில் அந்தத் தெருக்களில் தனியாக நடக்க எனக்கு இஷ்டமில்லை. மெட்ரோ ஏ லைனில் ஒத்தாவியானோ அல்லது லெபாந்தோவில் இறங்குங்கள். வத்திக்கானை ஒட்டிய ப்ராத்தி பகுதி. சிஸ்டர் விடுதிகள் அங்கே நிறைய. இரவு ஒன்பது மணிக்கும் பாட்டிகள் நாயோடு உலாவும் தெருக்கள். ஐம்பத்தைந்து கொடுத்த அதே அறைக்கு கத்தோலிக்கர்கள் ரோமுக்குத் திரளும் ஜூபிலி ஆண்டான 2025-இல் எண்பது கேட்டார்கள். விலை இனி இறங்கும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

காசு, காகித விஷயங்கள். அறை வாடகை தவிர நகர வரி தனி, ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று. ரோமில் ஒரு ஸ்டார் ஓட்டலுக்கு 4 யூரோவில் தொடங்கி ஐந்து ஸ்டாருக்கு 10 வரை போகும். முதல் தடவை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போட்டேன், வெட்கம். பாஸ்போர்ட் கேட்பதும் நியாயம்தான். தங்குபவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதற்காக பாஸ்போர்ட் போட்டோவை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் நான் அனுப்புவதில்லை, நேரில் காட்டுகிறேன் என்பேன். 2025-லிருந்து குறுகிய கால வாடகை வீடு ஒவ்வொன்றுக்கும் தேசிய அடையாள எண் வாங்கி, விளம்பரத்திலும் கட்டட வாசலிலும் போட வேண்டும். 'சின்' என்கிறார்கள். விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள்.

எங்கே போனாலும் போனில் இரண்டு எண்கள்: 112 அவசரத்துக்கு. 1522, பின்தொடர்தல், வன்முறை என்று பெண்களுக்கு ஏதாவது பிரச்சினை என்றால். 24 மணி நேரமும் இலவசம். நான் இதுவரை இரண்டையும் அழைத்ததில்லை.

சித்தி மகள் வரும் மார்ச்சில் புளோரன்ஸ் வருகிறாள், தனியாக, முதல் வெளிநாட்டுப் பயணம். அதே கான்வென்டுக்கு மெயில் போட்டிருந்தேன். ஆறு நாள் கழித்து இன்று காலை பதில் வந்தது. அறை இருக்கிறது, ஐம்பத்தெட்டு யூரோ, காலைச் சாப்பாடு உண்டு, பத்தரைக்குள் வர வேண்டும். பத்தரை என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.