மூடினால் தெரியாது, திறந்தால் ஓடாது: மெஷின் கதவைத் தாண்ட எந்த வழி தேவலை?

திருநெல்வேலியில் பேட்டை, கங்கைகொண்டான் பக்கம் மெஷின்களின் கன்ட்ரோல் பேனல் வேலைக்குப் போனால் இந்தப் பேச்சு காதில் விழாமல் திரும்புவதில்லை: “அண்ணாச்சி, அந்த டோர் சுவிட்சுல ஒரு வயரப் போட்டு விட்ருங்க. ஃபிலிம் ஓடுறதப் பாக்கணும்லா.”

கேட்பவர் சோம்பேறி இல்லை. மசாலாப் பொடி பாக்கெட் போடும் மெஷினில், பாக்கெட்டாகப் போகிற பிளாஸ்டிக் ஃபிலிம் ஒரு பக்கமாக இழுக்கிறது. ஏன் இழுக்கிறது என்பது ஓடும்போதுதான் தெரியும். கதவை மூடினால் தெரியாது, திறந்தால் டோர் சுவிட்ச் மெஷினை நிறுத்திவிடும், ஓடாது. இதற்கு என்னென்ன வழி உண்டு, எது எதைவிட மேல் என்று பார்ப்போம். ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: வேலை முடிந்து எல்லோரும் மறந்து போனால் மெஷின் எந்த நிலையில் நிற்கும்?

முதலில் அந்த ஜம்பர் வயர்: கதவு மூடியே இருக்கிறது என்று மெஷினை நம்ப வைக்க, சுவிட்சின் இரண்டு முனையையும் இணைத்துவிடுகிற வயர். இரண்டு நிமிட வேலை, செலவு கிடையாது. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். ராத்திரி ஷிப்டில் போட்டேன், ஃபிலிம் சரியானது, டீ குடிக்கப் போனேன், அப்படியே வீட்டுக்கும் போய்விட்டேன். காலை ஷிப்டுக்கு வந்த பையன், திறந்தால் நின்றுவிடும் என்று நம்பிக் கதவைத் திறந்தான். நிற்கவில்லை. பாக்கெட்டைச் சூட்டில் ஒட்டுகிற சீலிங் ஜா அவன் விரல் முட்டியில் பட்டு, தோல் வெந்ததோடு போயிற்று. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. கதவே இல்லாத மெஷினாக இருந்திருந்தால் பயந்து தள்ளி நின்றிருப்பான். ஜம்பர் இருப்பது போட்டவனுக்குத் தெரியும், அடுத்த ஷிப்டுக்குத் தெரியாது. கதவில் இருக்க வேண்டிய சாவி நாக்கைக் கழற்றி சுவிட்சிலேயே சொருகி வைப்பதும், காந்தத்தை ஒட்ட வைப்பதும் இதே வகைதான்.

அடுத்தது, மெஷினை நிறுத்திப் பூட்டுவது. பிளேடு மாற்ற, ஒட்டிய ஃபிலிமை உரிக்க, சுத்தம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. மெயின் சுவிட்சில் அவரவர் பூட்டு, சாவி அவரவர் பையில். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. ஆனால் கரன்ட்டை மட்டும் பூட்டிவிட்டுக் கையை உள்ளே விடுகிறவர்கள் நிறைய. ஜாவைத் தள்ளுவது காற்று. லைனில் காற்று மிச்சம் இருந்தால் அதைத் தள்ளும் சிலிண்டர் அசையும், அதையும் வெளியேற்ற வேண்டும். ஜா ஆற நேரம் கொடுக்க வேண்டும். மறதிக் கேள்வியில் இந்த வழி முழு மார்க் வாங்கும்: பூட்டை மறந்தால் மெஷின் ஓடாது, அவ்வளவுதான். குறை ஒன்றே: ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டிய வேலைக்கு இது உதவாது.

ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் மூன்றாவது வழி: சாவி போட்ட மோட் சுவிட்ச், குறைந்த வேகம், கையில் ஒரு பிடி சுவிட்ச், மூன்றும் சேர்ந்து. சாவியைத் திருப்பினால் ஆட்டோ ஓட்டம் அறவே நிற்க வேண்டும். ஃபிலிம் ரோலர் மட்டும் மெதுவாக நகர வேண்டும், ஜாவுக்குக் காற்று போகக் கூடாது. எமர்ஜென்சி ஸ்டாப் எப்போதும் போல வேலை செய்ய வேண்டும். ரோபோக்களைக் கையால் மெதுவாக ஓட்டும் நிலைக்கு ஐஎஸ்ஓ 10218 என்ற பாதுகாப்புத் தரம் வைத்திருக்கும் உச்ச வரம்பு விநாடிக்கு 250 மில்லிமீட்டர். பாக்கெட் மெஷினுக்கு அதுவே அதிகம், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் இன்ச்சிங் போதும்.

அந்தப் பிடி சுவிட்சுக்கு மூன்று நிலை. விட்டால் நிற்கும், பாதி அழுத்தினால் ஓடும், இறுக்கிப் பிடித்தால் மறுபடி நிற்கும். பதறும்போது சிலர் கையை விடுவார்கள், சிலர் இறுக்கிக்கொள்வார்கள். இரண்டுக்கும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மூன்றாம் நிலை. பிடி யார் கையில் என்பதும் முக்கியம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தான் முட்டுக்கட்டை போடுகிறார். தூரத்தில் வடம் பிடிப்பவர் கையில் கட்டையைக் கொடுத்து வைப்பதில்லை. உள்ளே பார்க்கிறவர் ஒருவர், பேனலில் பட்டனை அழுத்துகிறவர் இன்னொருவர் என்றால் இந்த வழியும் கெட்டது.

1948 தொழிற்சாலைச் சட்டம்கூட, ஓடும் மெஷின் பக்கம் போக வேண்டிய அவசியம் வரும் என்பதை 22ஆம் பிரிவில் ஒத்துக்கொண்டது. ஆனால் தனிப் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை முதலாளியே தர வேண்டும் என்றது. சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு பெல்ட் பக்கம் போகிற நம்ம ஊருக்கு அந்த வரியை எழுதியவர் யாரோ தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

மியூட்டிங் என்று ஒன்று உண்டு. ஒளிக்கதிரை யாராவது மறித்தால் மெஷினை நிறுத்தும் லைட் கர்ட்டன், சரக்குப் பலகை உள்ளே போகும் நேரம் மட்டும் தானாகக் கண்ணை மூடிக்கொள்ளும். அது சரக்குக்கான வழி, ஆளுக்கானது அல்ல. இந்த வேலைக்குப் பேச்சே வேண்டாம்.

சரி, யாரும் ஒப்பிட்டுப் பார்க்காத வழி ஒன்று பாக்கி: கதவைத் தாண்ட வேண்டிய தேவையையே எடுத்துவிடுவது. உலோக வேலை மெஷின்களில் பாதுகாப்புச் சாதனங்கள் மூன்றில் ஒன்றுக்கு மேல் எப்போதாவது ஏமாற்றப்படுகின்றன என்று ஜெர்மனியில் 2006இல் வந்த ஆய்வு சொன்னது. அங்கேயே அப்படி. ஆளைத் திட்டுவதைவிட, ஏன் ஏமாற்றுகிறான் என்று கேட்பது மேல். டோர் சுவிட்ச் போன்ற இடைப்பூட்டு சுவிட்சுகளுக்கான ஐஎஸ்ஓ 14119 தரமும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குறியீடுகளில் தனக்குரியதை மட்டும் ஏற்கிற, வெறும் காந்தத்துக்கு ஏமாறாத சுவிட்ச் அதற்கு அப்புறம்.

எனக்குப் பிடித்த வரிசை இதுதான்: முதலில் தேவையை எடுப்பது, பிறகு பூட்டு, அதுவும் முடியாதபோது சாவியும் பிடியும். ஜம்பருக்கு வரிசையில் இடமில்லை.

அந்த மசாலா மெஷினில் கடைசியில் தகரக் கதவை வெட்டி பாலிகார்பனேட் ஷீட் வைத்தோம். அக்ரிலிக் உடையும் என்பதால் அது வேண்டாம் என்றேன். ஃபிலிம் ரோலரின் திருகுக்கு ஒரு கம்பி நீட்டி, கைப்பிடியை வெளியே கொண்டு வந்தோம். பாக்கெட் வெட்டும் இடம் கண்ணுக்குப் பிடிபடாத வேகம், அதற்கு ஷீட்டுக்கு வெளியே மொபைலை நிறுத்தி ஸ்லோ மோஷனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தச் செலவு ஷீட்டின் விலையும் வெல்டருக்கு ஒரு நாள் கூலியும். குறை இல்லாமல் இல்லை. மிளகாய்ப் பொடி படிந்து ஷிப்டுக்கு இரண்டு தடவை ஷீட் மங்கிவிடுகிறது. போன வாரம் அதே ஆபரேட்டர் கூப்பிட்டார். வயர் கேட்கவில்லை. “அண்ணாச்சி, தொடைக்க நல்ல துணியா இருந்தா கொண்டாங்க.”