ஓர் ஆச்சியை உருவாக்க நான்கு வழிகள்

செட்டிநாட்டைப் பின்னணியாக வைத்து எழுத உட்காருகிறவர்கள் வீட்டை அருமையாக எழுதிவிடுகிறார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முற்றத்து வெயில், இரண்டாம் கட்டில் காயும் வற்றல் எல்லாம் கண்முன் நிற்கும். அந்த வீட்டுக்குள் நடமாடும் ஆள்தான் நிற்க மாட்டார். படித்து ஒரு வாரம் கழித்து யோசித்தால் தூண் ஞாபகம் இருக்கும், ஆச்சியை மறந்திருப்போம். ஆளை எந்த வழியில் உருவாக்கினோம் என்பதில்தான் இந்த வித்தியாசம் வருகிறது. என் அனுபவத்தில் நான்கு வழிகள் உண்டு. காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஒரு வயதான ஆச்சியை வைத்து நான்கையும் பார்ப்போம். கற்பனை ஆள்தான். உமையாள் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, வகைமாதிரி. சினிமா பழக்கிக் கொடுத்தது. செட்டியார் என்றால் காசை எண்ணுவார், ஆச்சி என்றால் வைரத்தோடு போட்டுக்கொண்டு பணியாரம் சுடுவார். வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்கிறார், அதே வேகத்தில் மறந்தும் போகிறார். இதில் எனக்கு வருத்தம் கொஞ்சம் அதிகம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அப்படிப்பட்ட மனிதர்கள் வாழ்ந்த ஊரைக் கஞ்சத்தனத்துக்கு அடையாளமாகக் காட்டுவது அநியாயம். கதைக்கும் அதனால் லாபமில்லை. சைக்கிளில் வந்து தந்தி கொடுத்துவிட்டுப் போகிறவருக்கு வகைமாதிரி போதும். கதையைத் தாங்க வேண்டிய ஆளுக்குப் போதாது.

இரண்டாவது, விவரப் பட்டியல். பிறந்த ஆண்டு, எந்தக் கோயில் பிரிவு, பிடித்த பலகாரம், பயப்படுவது எதற்கு என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துக்கொண்டு கதையைத் தொடங்குவது. எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் தருகிறார்கள். பட்டியலால் ஆள் உயிர் பெறுவதில்லை. கவுணி அரிசி பிடிக்கும் என்று எழுதிவிட்டால் ஆச்சி எழுந்து நடந்துவிடப் போவதில்லை. ஆனால் பிழையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. கதை 2005-ல் நடக்கிறது, ஆச்சிக்கு 75 வயது என்றால் அவர் பிறந்தது 1930. ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்த 1942 மார்ச்சில் அவர் சிறுமி. பர்மாவில் வருஷக்கணக்காகக் கடை நடத்தி, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பியவர் அவருடைய கணவர் என்று எழுதினால் வயது இடிக்கும். தகப்பனார் என்று மாற்றினால் சரியாகிவிடும். அங்கே கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் ஊரிலேயே வீட்டை நடத்தினார்கள் என்பதும் ஞாபகத்துக்கு வரும். அப்போது 'பர்மாவிலிருந்து நடந்தே வந்தேன்' என்று ஆச்சியைப் பேசவிடுவதற்கு முன்னால் ஒரு தடவை யோசிப்போம். ஆகவே பட்டியல் எழுதிய பிறகு சரிபார்க்க உதவும்.

மூன்றாவது, தெரிந்த ஒருவரை அப்படியே எடுத்து வைப்பது. சொந்தப் பெரியம்மா, எதிர் வீட்டு ஆச்சி, யாராவது. இதனால் கிடைக்கும் பெரிய லாபம் பேச்சு. அவர் எந்த இடத்தில் நிறுத்துவார், யாரை எப்படிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் குரலை உயர்த்துவாரா, பேச்சையே நிறுத்திவிடுவாரா என்பதெல்லாம் கற்பனையில் சுலபமாக வராது. சிக்கல் இரண்டு. நமக்கு அவரைத் தெரியும் என்பதால் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். அவரைப் பார்த்திராத வாசகருக்கு நிழல்தான் கிடைக்கிறது. இரண்டாவது சிக்கல் இன்னும் பெரிது. நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் உலகம் ஒன்பது கோயில் பிரிவுகளுக்குள் அடங்கியது, கல்யாணத்திலும் முன்னோருக்குச் செய்யும் படைப்பிலும் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொள்கிறார்கள். யாரை எழுதியிருக்கிறோம் என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதும். அந்தப் பயத்தில் உண்மையான குறையை எடுத்துவிட்டு அவரைத் தெய்வமாக்கிவிடுகிறோம். ஒருவரிடம் பேச்சையும், வேறொருவரிடம் வாழ்க்கைச் சிக்கலையும் எடுத்துச் சேர்த்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

நான்காவதுதான் என் கட்சி: ஆளை ஓர் இக்கட்டில் நிறுத்துவது. அவருக்கு ஒன்று வேண்டும். அதை அடையவிடாமல் அவருக்குள்ளேயே ஒன்று பிடித்து இழுக்கிறது. அங்கே அவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பது.

உமையாள் ஆச்சி, முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு ஒரு வெண்கல உருளியைக் கொண்டுவருகிறார். கூரையில் ஓடு மாற்றப் பணம் வேண்டும். கடைக்காரர் உருளியைத் திருப்பி, கட்டைவிரலால் விளிம்பைத் தேய்க்கிறார். விலாசம், அதாவது எந்த வீட்டுப் பாத்திரம் என்று காட்டும் எழுத்து, வெட்டியிருக்கிறது. ஆச்சி வீட்டு விலாசம் இல்லை, பங்காளி வீட்டு விலாசம். ஏதோ ஒரு கல்யாணத்துக்கு இரவல் வந்து, அப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோய், திரும்பாமலே கிடந்த உருளி.

"இந்த எழுத்தைத் தேய்ச்சுட்டு விலை சொல்லுங்க தம்பி."

"எழுத்து இருந்தாத்தான் ஆச்சி விலை. தேய்ச்சா எடைக்குத்தான் போகும்."

ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு கடைக்காரர் சொன்ன விலையைவிட இருநூறு கூட்டிக் கேட்கிறார், வாங்கியும் விடுகிறார். படி இறங்கியவர் திரும்பி, "வாசல்ல வைக்காதீங்க, உள்ளே வைங்க" என்கிறார்.

இதில் அவருடைய வயது இல்லை, தோடு இல்லை, பணியாரம் இல்லை. ஆனாலும் அவரைத் தெரிந்துவிடுகிறது. பேரத்தில் கறார், மானத்துக்கு அஞ்சுகிறவர், அடுத்தவர் பொருள் என்று தெரிந்தும் விற்றவர், கேட்கும் தைரியமும் கூச்சமும் ஒன்றாக உள்ளவர். அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை.

வாசகர் தன்னைப் பொருத்திப் பார்ப்பதற்கு ஆள் தன்னைப் போல இருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். கல்லூரிப் பெண் படிப்பதற்குக் கல்லூரிப் பெண்ணையே எழுத வேண்டும் என்கிற மாதிரி. எனக்கு இதில் உடன்பாடில்லை. சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. கம்பனின் கும்பகருணனுக்காகக் கண் கலங்குகிறவர் யாரும் அரக்கர் இல்லை. அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும், அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்கிறான். தம்பி வீடணன் வந்து கூப்பிட்டும் போகாமல், வளர்த்த அண்ணனுக்காகச் சாகப் போகிறான். நியாயம் ஒரு பக்கம், இரத்தபாசம் ஒரு பக்கம் என்கிற இடத்தில், சொத்துப் பிரிக்கிற எந்தப் பங்காளி வீட்டிலும் யாராவது ஒருவர் நின்றிருப்பார். உருவம் எவ்வளவு அந்நியமாக இருந்தாலும் இக்கட்டு தெரிந்ததாக இருப்பதால் அவன் நம் ஆள் ஆகிவிடுகிறான்.

பழங்கதை எவ்வளவு சொல்வது என்பதற்கும் கம்பனிடம்தான் போவேன். கூனி ஏன் இராமன்மேல் கறுவிக்கொண்டிருந்தாள்? சிறுவயதில் அவன் வில்லிலிருந்து விட்ட மண் உருண்டை அவள்மேல் பட்டது, அதை அவள் மறக்கவில்லை. அவ்வளவுதான். அவளுடைய தாய் தகப்பன், பிறந்த வீட்டுக் கஷ்டம் எதுவும் அங்கே கிடையாது. நாமோ ஆச்சி ஏன் இப்படி ஆனார் என்று விளக்க மூன்று அத்தியாயம் எழுதுகிறோம். உருளிக் கதைக்கு வேண்டியது இரவல் வந்த அந்தக் கல்யாணம் ஒன்றுதான். அதிலும் சண்டை எதற்காக வந்தது என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். பரிமாறியபோது யாரோ ஒருத்தர் இலையை விட்டு எழுந்து போனார் என்கிற அளவில் நிறுத்திக்கொள்வேன்.

இக்கட்டு வழியில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இழுபறி பெரிதாக இருந்தால்தான் சுவை என்று நினைத்து, உருளிக்குப் பதிலாகக் கொலை, கள்ளக் கையெழுத்து, கோயில் நகை என்று போய்விடுவோம். அப்போது ஆச்சியைவிடச் சம்பவம் பெரிதாகிவிடும். எழுதி வைத்திருக்கும் கதையில் உங்கள் ஆள் மங்கலாகத் தெரிந்தால், அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து விற்கவோ, திருப்பிக் கொடுக்கவோ, ஒளித்து வைக்கவோ சொல்லி ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கம் கதையில் சேராமல் போனாலும் பரவாயில்லை. அதற்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வரும் முதல் வசனமே மாறியிருக்கும்.