பிரிட்ஜ்டவுன் நடைச் சுற்றுலா: ஐந்துக்கு நான்கு

பயணிகள் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். கரீபியன் தீவான பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் கப்பல் நின்றபோது அரை நாள் ஓய்வு கிடைத்தது. அடிமைக் காலத்துப் பெண்களைப் பற்றிய நடைச் சுற்றுலா என்றதும் சேர்ந்துகொண்டேன்.

வழிகாட்டி உள்ளூர் அம்மா ஒருவர். கேரினேஜ் படகுத்துறையில் தொடங்கினார். இந்த ஊர் அடிமைகளில் பெண்களே அதிகமாம். அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர்களிலும் பெண்கள் ஏராளம். சலவைக்கும் தையலுக்கும் கூலிக்கு அனுப்புவார்கள். கூலி எஜமானிக்குப் போகும். சலவைக்காரி என்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது.

பிராட் தெருவில் நின்று, ஓடிப்போய்ப் பிடிபட்டவர்களை அடைத்த சிறை இந்தப் பக்கம்தான் இருந்தது என்றார். ‘கேஜ்’, அதாவது கூண்டு என்றே அதற்குப் பெயர். அங்கே வைத்து, அந்தக் காலத்து ‘பார்படோஸ் மெர்க்குரி’ செய்தித்தாளில் வந்த ‘ஓடிப்போனவள்’ விளம்பரங்களின் நகலைக் கையில் கொடுத்தார். எழுதியவர்கள் எஜமானர்கள். அடையாளத்துக்காக உடம்புத் தழும்புகளை வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், தாய் வீட்டில் ஒளிந்திருக்கலாம், புருஷனோடு இருக்கலாம் என்று சந்தேகமும் எழுதியிருக்கிறார்கள். ஓடியவளுக்குக் கதவு திறக்க ஆள் இருந்தது என்பதற்கு அவர்களே சாட்சி! இந்தப் பத்து நிமிடத்துக்காகவே போகலாம்.

குறையும் உண்டு. அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, விடுதி நடத்திய ரேச்சல் பிரிங்கிள் போல்கிரீன் கதைக்கு அரை மணி நேரம். விடுதிக்கு இளவரசர் வந்தது, நாற்காலிகளை உடைத்தது எல்லாம் விஸ்தாரமாக வந்தது. அவரிடமும் அடிமைகள் இருந்ததை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நானி கிரிக் பெயரும் கேட்டால்தான் வந்தது. சிம்மன்ஸ் தோட்டத்தில் அடிமை, படிக்கத் தெரிந்தவர். செய்தித்தாள் பார்த்துவிட்டு, 1816 புத்தாண்டில் விடுதலை வரப்போகிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். வரவில்லை. செயிண்ட் டொமிங்கோவில், அதாவது இன்றைய ஹைட்டியில் செய்ததுபோல் போராடினால்தான் கிடைக்கும் என்றாராம். பிறகு வெடித்த அடிமைகள் கிளர்ச்சி பற்றி நடந்த விசாரணையில் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தில் இது இருக்கிறது. அந்தக் கிளர்ச்சி தொடங்கிய 1816 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு இரவு, கரும்புக் காடுகள் எரிந்தன. அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1834 ஆனது.

நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். நானி கிரிக்கைப் பற்றி நீங்களாகக் கேளுங்கள். கேட்டால் அந்த அம்மா நின்று நிதானமாகச் சொல்கிறார்.