185 டாலர் போச்சு: தங்கம் உறிஞ்சும் கைப்பம்பு கிட் வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

நேற்றுதான் ஓடையிலிருந்து திரும்பினேன். ஆத்திரம் தாங்கவில்லை, அதனால் உடனே எழுதுகிறேன்.

மெல்போர்னில் இருக்கிறேன். விக்டோரியாவில் மைனர்ஸ் ரைட் என்ற தங்கம் தேடும் அனுமதி எடுத்தால் பத்து வருடம் செல்லும், ஆனால் தோண்டுவதற்குக் கைக்கருவி மட்டும்தான். தங்கம் மணலைவிட ஏழு மடங்கு கனம். அடிப்பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், மண்வெட்டி எட்டாது. அதற்குத்தான் கைப்பம்பு: ஒரு பிவிசி குழாய், உள்ளே ரப்பர் வாஷர் போட்ட பிஸ்டன், முனையில் ஒல்லியான மூக்கு. இழுத்தால் சரளையோடு தங்கமும் ஏறும், தட்டில் தள்ளி அரிக்கலாம். வீட்டிலேயே செய்யலாம்.

பழைய பொருள் விற்கும் ஒரு தளத்தில் ஒருவர் பாகங்களும் வரைபடமும் சேர்த்து 185 டாலர் என்று போட்டிருந்தார். சின்னக் கண்ணாடிக் குப்பியில் பொன் துகள் மினுங்கும் படம். எந்தப் பசை, கைப்பிடி எவ்வளவு நீளம் என்று இரவு பதினொன்றுக்குக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொன்னார். "முதல் தடவையா? ஓடைக்குப் போகும்முன் வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள்" என்று அக்கறையாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். தளத்தில் கமிஷன் பிடிப்பார்கள், பேங்க்கில் போடுங்கள் என்றார். 185 டாலரையும் போட்டேன்.

வந்தது என்ன தெரியுமா? குழாய் தண்ணீர் அழுத்தம் தாங்கும் பிரஷர் பைப், மூடிகள் சாக்கடை பைப்புக்கு உரியவை. இரண்டிலும் 40 என்றுதான் அச்சு. ஆனால் பிரஷர் பைப்பின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டருக்கு மேல், சாக்கடை பைப்புடையது 43. எப்படிச் சேரும்? கேட்டால், "சூடு பண்ணி இழுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்." செய்தேன். வாளியில் ஏதோ ஏறியது. எல்டொராடோ என்ற ஊருக்குப் போய் அங்குள்ள ரீடி கிரீக் ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று இழுத்தேன். வாஷரைச் சுற்றிக் குமிழ் குமிழாகக் காற்று. இரண்டாவது இழுப்பில் முனை மூடியே கழன்று ஓடையோடு போய்விட்டது. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போனது இதற்கா?

திரும்பக் கேட்டேன். முதலில் "கிரீஸ் தடவினீர்களா?" அப்புறம் "சூடு பண்ணிய சாமானைத் திரும்ப எடுக்க மாட்டேன்." சூடு பண்ணச் சொன்னதே அவர்தான்! அடுத்த செய்திக்குப் பதிலே இல்லை, பிளாக். தளத்துக்காரர்கள் பணம் வெளியே போனதால் பொறுப்பில்லை என்கிறார்கள். பேங்க்கில், நீங்களே அனுப்பியதுதானே என்கிறார்கள். 185 டாலர். பாகங்களைக் கடையில் தனித்தனியாக வாங்கியிருந்தால் பாதிகூட ஆகியிருக்காது.

என்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். குழாயையும் மூடியையும் ஒரே கடையில், கையில் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். வாஷர் இறுக்கமாக இல்லையென்றால் தொடவே வேண்டாம்.

இன்று காலை அதே குப்பி, அதே படம், வேறு பெயரில் மறுபடி வந்திருக்கிறது. இப்போது 210 டாலர்.