மூணாறு குளிரில் அம்மாவுக்கு எது சரி: கணப்பா, வெந்நீர்ப் பையா, ஆயில் ஹீட்டரா, போடிக்கு இறக்குவதா?

அம்மாவுக்கு 78 வயது. தம்பிக்கு இன்னும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை. மூணாறுக்கு மேலே லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், அம்மா அவனோடு இருக்கிறார். நான் கீழே போடியில். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு மேலே போவோம், பொங்கலுக்கும் போவோம். சரியாக அந்த நாட்களில்தான் செண்டுவரை, லெட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் உறைபனி விழும்; சில வருடம் சுழியத்துக்கும் கீழே போய்விடும். போன டிசம்பரில் ராத்திரி மூன்று மணிக்குக் கழிவறைக்குப் போக எழுந்தவர், பின்வாசல் படியில் கையூன்றி விழுந்து மணிக்கட்டில் விரிசல் கண்டுவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தோம்.

முதலில் கணப்பு. அம்மா காலத்தில் லயத்தில் எல்லா வீட்டிலும் கரிச்சட்டிதான். செலவும் குறைவு, கை காய்ச்சுகிற சுகமே தனி. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற அறைக்குள் அது வரவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமனுக்குச் சுற்றுலா போன கேரளத்துக்காரர்கள் 8 பேர் ஒரே அறையில் இறந்தார்களே, அங்கே இருந்தது கேஸ் ஹீட்டர். கரியானாலும் கேஸானாலும் புகைபோக்கி இல்லாத அறையில் ஒன்றுதான். சாயந்தரம் முற்றத்தில் உட்கார்ந்து காய்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

சுருள் சிவக்கிற ஹீட்டர் வேண்டாம். சேலைத் தலைப்பும் கம்பளியும் இருக்கிற இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெந்நீர்ப் பை நல்ல பொருள்தான், இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல், முக்கால் பாகத்துக்கும் குறைவாக நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, துணி சுற்றி, படுப்பதற்கு அரை மணி முன்பே மெத்தையில் வைத்து, படுக்கும்போது எடுத்துவிட வேண்டும். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. அம்மாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. மின்கம்பளியை ஒரு உறவினர் வீட்டிலிருந்து வாங்கி எட்டே இரவுதான் பார்த்தோம், அதனால் என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். கதகதப்பு அருமை, மின்சாரமும் கொஞ்சம்தான்.

ஆனால் இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறை உண்டு. எங்களுக்கு முடிவு எடுத்துக் கொடுத்ததே அதுதான். இரண்டும் படுக்கையை மட்டும்தான் சூடாக்கும். வயதானவர் படுக்கையிலேயே இருப்பதில்லை. ராத்திரியில் இரண்டு தடவை, மூன்று தடவை எழுந்திருப்பார். கதகதப்பிலிருந்து சட்டென்று 9 டிகிரி குளிரில், அதுவும் சிமென்ட் தரையில் கால் வைக்கும்போது ரத்தக்குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். படுத்திருந்தவர் வேகமாக எழுந்தால் சிலருக்கு அழுத்தம் இறங்கித் தலை சுற்றவும் செய்யும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். எழுந்திருக்கப் பயந்து அம்மா சாயந்தரத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். குளிர்காலத்தில் தாகம் தெரியாததும் இதோடு சேர்ந்து, காலையில் நாக்கு வறண்டு கிடக்கும்.

அதனால் அறையையே சூடாக்குகிற ஆயில் ஹீட்டருக்குப் போனோம். உள்ளே இருக்கிற எண்ணெய் எரிவதில்லை. அடைத்துவைத்த எண்ணெயை மின்சாரம் சூடாக்கும், அவ்வளவுதான். புகை இல்லை, சத்தம் இல்லை. விலை பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. சூடேற முக்கால் மணி நேரம் ஆகும், ஏழு மணிக்கே போட்டுவிடுவோம். வயதானவர் அறை 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதால், சுவரில் ஒரு வெப்பமானி மாட்டினோம். கதவடி இடுக்கைப் பழைய கம்பளியால் அடைத்ததும் 18, 19-இல் நின்றது. ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டிருக்கிறோம்.

அறை சூடான பிறகு கமோடு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டோம். முதலில் அம்மாவுக்குக் கூச்சம். “படுக்கிற இடத்துலயாடி?” என்றார். மூன்றாம் நாள் பழகிவிட்டது. இப்போது படிக்கட்டும் இல்லை, குளிர்ந்த தரையும் இல்லை. எட்டு மணிக்கு ஒரு டம்ளர் சுக்குவெந்நீர் பயமில்லாமல் குடிக்கிறார்.

செலவை மறைக்க மாட்டேன். ஒரு இரவுக்கு 6, 7 யூனிட் இழுக்கிறது, மாதம் 200 யூனிட் வந்துவிடும். கேரளத்தில் வீட்டு இணைப்பு மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை. அதனால் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பிருந்து ஜனவரி கடைசி வரை மட்டும். அப்புறம் ஒயரிங். லயத்துப் பழைய ஒயரில், எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இதைச் சொருகவே கூடாது. 16 ஆம்பியர் பிளக்குக்குத் தனி லைன் இழுத்தோம். அதன் மேல் ஈரத்துணி காயப்போடுவதும் கூடாது. கரண்ட் போனால் முக்கால் மணி நேரம் சூடு நிற்கும், அதற்குப் பிறகு வெந்நீர்ப் பைதான்.

போடிக்கு இறக்கிவிடுவது? உடம்புக்கு மட்டும் கேட்டால் அதுதான் மேல். ஆயிரம் மீட்டருக்கும் மேல் கீழே வந்துவிடுகிறோம், ஹீட்டரே வேண்டாம். ஆனால் முந்தின வருடம் அழைத்து வந்தபோது வளைவு வளைவாக வாந்தி. வந்த பிறகு பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “கரோல் வர்ற நேரத்துல வீடு பூட்டிக் கிடக்குமே” என்பதே பேச்சு. இதய பலவீனமோ கடுமையான மூச்சிளைப்போ இருந்திருந்தால் யோசிக்காமல் இறக்கியிருப்பேன்.

கீழிருந்து ஏறுகிற எங்களாலும் ஒரு ஆபத்து உண்டு: பேரப்பிள்ளைகளின் சளி. அம்மாவுக்கு வருடாந்திர ஃப்ளூ ஊசியை இந்த முறை நவம்பரிலேயே போட்டாயிற்று. இருமல் இருந்தால் பிள்ளைகள் பக்கத்து அறையில்தான் படுக்க வேண்டும். நடுராத்திரிப் பூசைக்குப் பதிலாகக் காலைப் பூசைக்குப் போக அம்மாவும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்நேரம் கோயில் வாசலில் வெயில் ஏறியிருக்கும்.