பேட்டை ரேடியேட்டர் பட்டறையும் ஒரு சிறு விமானத்தின் ஆயில் கூலரும்

திருநெல்வேலி பேட்டையில், முக்கியச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு தெருவில், பெயர்ப்பலகை இல்லாத ரேடியேட்டர் பட்டறை ஒன்று இருக்கிறது. லாரி, டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம் ஆகியவற்றின் ரேடியேட்டர்களைக் கழுவி, ஒழுக்கு அடைத்துத் தருவதுதான் அங்கே அன்றாட வேலை. பங்குனி மாதத்தில் என் மாப்பிள்ளையின் விமான ஆயில் கூலரை, அதாவது எஞ்சின் எண்ணெயைக் குளிர்விக்கும் பாகத்தை, அங்கே கொண்டுபோனேன். அந்த வேலை நடந்த விதத்தைப் பற்றிய மதிப்புரை இது.

மாப்பிள்ளை கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிறார். இரண்டு பேர் அமரக்கூடிய சிறு விமானம் ஒன்றைத் தம் கையாலேயே கட்டி ஓட்டிவருகிறார். கட்டியவரே அதைப் பராமரிக்கவும் அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. அதில் இருப்பது நான்கு சிலிண்டர் லைக்கமிங் ஓ-320 எஞ்சின். இவ்வகை எஞ்சினில் தண்ணீர் கிடையாது. சூட்டைக் கொண்டுபோவது காற்றும் எண்ணெயும்தான். நான் விமானப்படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன்; நாங்கள் பராமரித்த ஹெச்பிடி-32 தீபக் பயிற்சி விமானத்திலும் லைக்கமிங் எஞ்சின்தான், அது ஆறு சிலிண்டர். ஆகவே மாப்பிள்ளை தொலைபேசியில் சொன்ன குறை எனக்கு உடனே பிடிபட்டது. சென்ற ஆகஸ்டில், வெளிவெப்பம் 30 பாகை இருந்த ஒரு நாளில், மேலேறும்போது எண்ணெயின் வெப்பம் 113 பாகை செல்சியஸ் வரை போயிருக்கிறது. இந்த எஞ்சினுக்கு மேல் எல்லை 118. நிறுவனம் விரும்பும் அளவு ஏறக்குறைய 82. குளிர்காலத்தில் பறப்பு இல்லாததால் கூலரையும், வெப்பக் கட்டுப்பாட்டு வால்வையும், வெப்ப உணரியையும் கழற்றி வைத்திருந்தவர், பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு ஊர் வந்தபோது அவற்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார்.

முதலில் நாங்கள் போனது நகரிலுள்ள ஒரு பெரிய பட்டறைக்கு. அங்கே பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே, கூலரை மாற்றிவிடுங்கள் என்றார்கள். சூடு ஏறுகிறது என்றாலே கூலர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் பழக்கம் எனக்கு ஒவ்வாதது. எண்ணெய்ச் சூடு என்பது காய்ச்சலைப் போன்றது. காரணம் எங்கே என்று தேடிப் பார்த்துத்தான் மருந்து கொடுக்க வேண்டும்.

பேட்டைப் பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, “மீட்டர் சரியாக் காட்டுதா, அண்ணாச்சி?” என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன். டீ போடும் ஸ்டவ்வை வாங்கி, பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உணரியைப் பாத்திரத்தில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரால் அதன் மின்தடையை அளந்தோம். திருநெல்வேலி கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டருக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கிறது என்பதால், இங்கே தண்ணீர் 100 பாகையை ஒட்டியே கொதிக்கும். உணரியோடு வந்த அட்டவணைப்படி அந்த மின்தடை 103 பாகைக்கு உரியது. மூன்று பாகை கூடுதலாகக் காட்டியிருக்கிறது. மீதிச் சூடு உண்மையான சூடுதான்.

அடுத்தது கூலர். அதன் துடுப்புகளுக்கு, அதாவது காற்று ஊடுருவிப் போகும் மெல்லிய தகடுகளுக்கு, இடையே பூச்சிகள் அப்பி இறுகியிருந்தன. இந்த ஊரில் பிசான அறுவடைக் காலத்தில் சேரன்மகாதேவியிலிருந்தும் வீரவநல்லூரிலிருந்தும் வரும் இயந்திரங்களின் ரேடியேட்டரில் பதரும் தூசும் அடைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. செம்பு ரேடியேட்டருக்குப் பயன்படுத்தும் அமிலத்தையோ காஸ்டிக் சோடாவையோ அருகில்கூடக் கொண்டுவரவில்லை. இரண்டும் அலுமினியத்தை அரித்துவிடும். சோப்புத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் கொண்டு, காற்று வரும் திசைக்கு எதிர்த்திசையிலிருந்து பொறுமையாகக் கழுவினார். பிறகு உட்புறத்தில் எண்ணெய் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் டீசலைச் செலுத்தி, வெளியே வந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காட்டினார். கறுப்புக் கசடு கொஞ்சம் வந்தது, உலோகத் துகள் ஒன்றும் இல்லை. துகள் வந்திருந்தால் கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டு எஞ்சினைத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். கடைசியில் தொட்டியின் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி, கூலரை முக்கிக் காற்றேற்றிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

வால்வு விஷயத்தில்தான் அந்த மனிதரின் திறமை எனக்கு விளங்கியது. காரில் இருக்கும் தெர்மோஸ்டாட் சூடானால் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்குள் விடும். லைக்கமிங்கில் இருக்கும் வெர்னாதெர்ம் என்ற வால்வு சூடானால் மூடிக்கொள்ளும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அது கூலருக்குள் போகாமல் குறுக்குவழியில் எஞ்சினுக்கே திரும்பிவிடும். சூடு ஏற ஏற உள்ளேயிருக்கும் மெழுகு விரிந்து தண்டைத் தள்ள, சுமார் 85 பாகையில் வால்வின் முகம் அது வந்து பொருந்தும் விளிம்பான இருக்கையில் அமர்ந்து குறுக்குவழியை அடைத்து, எண்ணெய் முழுவதையும் கூலருக்கு அனுப்ப வேண்டும். இதை நான் ஒருமுறை சொன்னதும் புரிந்துகொண்டு, வெந்நீரில் வெப்பமானியோடு சேர்த்துத் தொங்கவிட்டார். தண்டு முறையாகவே நீண்டது. வால்வு நன்றாக இருக்கிறது என்று நானும் மாப்பிள்ளையும் எடுத்து வைக்கப் போனோம். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அமரும் முகத்தில் விழுந்திருந்த தடத்தைக் காட்டினார். முழு வட்டமாக இருக்க வேண்டிய தடம் பிறைபோலப் பாதிதான் இருந்தது. அதாவது வால்வு நீள்கிறது, ஆனால் ஒரு பக்கமாகத்தான் அமர்கிறது. மறுபக்க இடைவெளி வழியாகச் சூடான எண்ணெய் கூலரை எட்டாமலே திரும்பிப் போகிறது. இவ்வளவு ஆண்டு எஞ்சினோடு இருந்த நான் அதைக் கவனிக்கத் தவறியிருந்தேன். எஞ்சினில் உள்ள இருக்கையில் வால்வு எப்படிப் படிகிறது என்பதை, நீலச் சாயம் தடவி அது ஒட்டும் தடத்தை வைத்துப் பார்க்கும்படி அவரே மாப்பிள்ளைக்குச் சொல்லியும் கொடுத்தார்.

கூலரின் ஒரு மூலையில் பிடிமானக் காதில் சின்ன விரிசல் இருந்தது. அதை வெல்டு வைத்துத் தரும்படி கேட்டோம். “இதுல நான் பத்தவைக்க மாட்டேன் அண்ணாச்சி. வண்டின்னா ரோட்டு ஓரத்துல நிப்பாட்டிக்கிடலாம், இதை எங்கன நிப்பாட்ட?” என்று மறுத்துவிட்டார். கூடுதல் காசு வரும் வேலையைத் தம் எல்லை தெரிந்து வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மையை, கழுவிய சுத்தத்தைவிட நான் உயர்வாக மதிக்கிறேன்.

விடைபெறும்போது அவர் சொன்ன இன்னொன்றும் பயன்பட்டது. அறுவடை இயந்திரத்தில் ரேடியேட்டருக்கும் விசிறிக் கூண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் அந்தச் சந்து வழியே ஓடிவிடும் என்றும், அங்கே ரப்பர் பட்டை வைத்து அடைப்பது தம் வழக்கம் என்றும் சொன்னார். விமானத்திலும் அதே கணக்குத்தான். எஞ்சின் மூடிக்குள் மேலே அழுத்தமான காற்று, கீழே அழுத்தம் குறைந்த காற்று. இந்த வித்தியாசம்தான் கூலரின் துடுப்புகளூடே காற்றைத் தள்ளுகிறது. இவ்விரு காற்றையும் பிரித்துவைக்கும் தடுப்புத் தகடுகளில் ஓட்டை இருந்தால் அழுத்தம் அதன் வழியே வீணாகும். கனடா திரும்பிய மாப்பிள்ளை, கூலர் பொருத்தியிருந்த பின்தகட்டின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து ஒன்றைக் கண்டு அடைத்தார். வால்வு இருக்கையில் இறுகியிருந்த கரித்துண்டை நீக்கி, வால்வையும் கூலரையும் புதிதாக மாற்றினார். பழைய கூலரின் விரிசலை நம்பிப் பறக்க வேண்டாம் என்று நானும் சொல்லியிருந்தேன்.

ஜூனில், வெளிவெப்பம் 24 பாகை இருந்த நாளில், அதே வேகத்தில் மேலேறியபோது மீட்டர் 97 காட்டியிருக்கிறது. முன்பைவிட 16 பாகை குறைந்திருக்கிறது. ஆனால் வெளிக்காற்று ஒரு பாகை குறைந்தால் எண்ணெயும் ஏறக்குறைய ஒரு பாகை குறையும். ஆகவே ஆறு பாகையைப் பருவத்தின் கணக்கில் எழுதிவிட்டு, பத்து பாகையைத்தான் வேலையின் பலனாகக் கொள்ள வேண்டும். புதுக் கூலரும் சேர்ந்திருப்பதால் அதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது.

பட்டறையின் குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. அறுவடைக் காலத்தில் இயந்திரங்களுக்கே முதலிடம் என்பதால், ஒரு நாளில் முடிவதாகச் சொன்ன வேலைக்கு மூன்று நாள் நடந்தோம். ரசீது துண்டுத்தாளில்தான் கிடைக்கும். என்னென்ன செய்தார் என்பதை நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், விமானப் பதிவேட்டுக்கு அது போதாது. கழுவிச் சோதித்ததற்கு 450 ரூபாய் வாங்கினார். வால்வுக்கும் உணரிக்கும் காசு வேண்டாம் என்றுவிட்டார். மாசி, பங்குனியில் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. பொருளை எண்ணெய் வடித்துத் துடைத்துக் கொண்டுபோனால் அன்றைக்கே கையில் எடுப்பார்.